அரியலூர்ப் பாறை அப்படிச் சொல்லவில்லை

கரியமில வாயு கூடினால் கடலின் அமிலத்தன்மை ஏறும், சிப்பியும் பவளமும் ஓடு கட்ட முடியாமல் திணறும் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், உடனே ஒரு பதில் வந்து விழுகிறது: "ஒருமுறை அரியலூர் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்." இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். புவியியல் படித்தவர்கள், சுரங்கத் துறையில் இருப்பவர்கள், அறிவியல் நூல்களைத் தேடிப் படிப்பவர்கள். அவர்கள் வாதம் சுருக்கமானது, கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்வது. கிரெட்டேசியஸ் காலத்தில் காற்றிலிருந்த கரியமில வாயு இன்றைய அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்றே பல மதிப்பீடுகளும் சொல்கின்றன. அந்தக் கடல்தான் கல்லங்குறிச்சியில் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லை அடுக்கடுக்காகப் படியவைத்தது. கல்லக்குடியில் பவளம் வளர்த்ததும் அதுவே, இங்கிலாந்தின் டோவர் கரையில் வெண்சுண்ணப் பாறையைக் குன்றாகக் குவித்ததும் அதுவே. வாயு கூடியபோது சுண்ணாம்பு குறையவில்லை, பெருகியது. ஆகவே இன்றைய கூக்குரல் வீண்பயம் என்பது அவர்கள் முடிவு.

இதில் சொல்லப்படும் செய்திகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய சரி. அவற்றைக் கோத்து எடுக்கும் முடிவுதான் அடியோடு தவறு. செய்திகள் சரியாக இருப்பதாலேயே இந்த வாதம் கூட்டங்களில் கைதட்டல் வாங்கிவிடுகிறது. எனவே இதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது, விலாவாரியாகவே மறுக்க வேண்டும்.

முதலில் அடிப்படை வேதியியல். கார்பன் கூடினால் கார்பனேட்டும் கூடத்தானே செய்யும் என்ற எண்ணம் இந்த வாதத்தின் அடியில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த சோதனையே இதற்குப் பதில் சொல்லும். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயை வைத்து ஊதுகிறோம். நீர் பால்போல் வெளுக்கிறது. மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் துகளாக மாறிவிட்டது. பெரும்பாலான வகுப்பறைகளில் பாடம் அங்கேயே முடிந்துவிடும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கிறது? வெளுப்பு மெல்லக் கலைந்து நீர் மறுபடி தெளிகிறது. மேற்கொண்டு வரும் வாயு நீரோடு கூடிக் கார்போனிக் அமிலமாகி, முன்பு படிந்த கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக்கிக் கரைத்துவிடுகிறது.

கடல் நிற்பது இந்த இரண்டாம் கட்டத்தில். கடல்நீரில் கரைந்துள்ள கார்பனில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஏற்கெனவே பைகார்பனேட்டாக இருக்கிறது. ஓடு கட்டப் பயன்படும் கார்பனேட் அயனி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். புதிதாகக் கடலில் இறங்கும் வாயு இந்தச் சிறு பங்கைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. ஆகவே கரைந்த கார்பன் மொத்தத்தில் கூடக் கூட, கார்பனேட் அயனி குறைகிறது. மனிதர் வெளிவிடும் வாயுவில் கிட்டத்தட்டக் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பின் பிஎச் இப்போது 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இது மடக்கை அளவு என்பதால் அந்த 0.1 சரிவுக்கு அர்த்தம் ஹைட்ரஜன் அயனி 30 விழுக்காட்டை ஒட்டிக் கூடியிருக்கிறது என்பது. "8.1 என்றால் இன்னும் காரம்தானே, அமிலம் எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடு கட்டும் உயிருக்கு அந்தப் பெயர்கள் பொருட்டல்ல. அதற்கு வேண்டியது கார்பனேட் அயனி, அது குறைந்துகொண்டு வருகிறது.

அப்படியானால் கிரெட்டேசியஸ் கடலில் மட்டும் எப்படிச் சுண்ணாம்பு படிந்தது? நியாயமான கேள்வி. விடை தெவிட்டுநிலை என்ற கணக்கில் இருக்கிறது. நீரிலுள்ள கால்சியத்தின் செறிவைக் கார்பனேட்டின் செறிவால் பெருக்கி, அந்தக் கனிமத்தின் கரைதிறன் எண்ணால் வகுக்க வேண்டும். வரும் எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் கனிமம் படியலாம், ஒன்றுக்குக் கீழே போனால் கரையும். பெருக்கலில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கரியமில வாயு நேராகக் கை வைப்பது கார்பனேட்டில் மட்டும். கால்சியம் எவ்வளவு இருந்தது என்பது வேறு கணக்கு. "அரியலூரைப் பார்" என்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பேசுவதே இல்லை.

இன்றைய கடலில் ஒரு லிட்டருக்கு மக்னீசியம் சுமார் 1.3 கிராம், கால்சியம் சுமார் 0.4 கிராம். அணுக்களின் எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு கால்சியத்துக்கு ஐந்துக்குச் சற்று மேல் மக்னீசியம். கிரெட்டேசியஸ் நடுப்பகுதிக் கடலில் அந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருந்தது, கால்சியம் இன்றைக்கு உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கால்சியம் இரட்டித்தால் கார்பனேட் பாதியாகக் குறைந்தாலும் பெருக்குத்தொகை மாறாது. அந்தக் கடலின் பிஎச் இன்றைவிடக் குறைவாகவே இருந்திருக்கும், ஆனாலும் சுண்ணாம்பு படிந்தது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்நீரின் கால்சியத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்கலாம். ஊகித்துச் சொன்னதல்ல இது, அந்தக் கடல்நீரையே எடுத்து அளந்தார்கள். வற்றிய பழங்கடல்கள் பாறை உப்பை விட்டுச் சென்றிருக்கின்றன. உப்புப் படிகம் வேகமாக வளரும்போது சுற்றியுள்ள நீரில் மிக நுண்ணிய துளிகள் அதற்குள் சிறைப்பட்டுவிடும். வெளிக்காற்று படாமல், ஆவியாகாமல், பல கோடி ஆண்டுகளாக அப்படியே கிடக்கும். நல்ல படிகத்தை உடைத்து நுண்ணோக்கியில் வைத்தால், சதுரம் சதுரமாக வரிசைகட்டி நிற்கும் அந்தத் துளிகளைக் காணலாம். அவற்றை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அயனிகளை அளந்து, டிம் லோவன்ஸ்டைன் குழுவினர் 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். கடலின் மக்னீசியம்-கால்சியம் விகிதம் கடந்த ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஏறி இறங்கி வந்திருப்பது அந்தத் துளிகளிலேயே தெரிந்தது.

இந்த விகிதம் ஏன் முக்கியம் என்பதை விளக்க, தூத்துக்குடிப் பக்கத்து முத்துச்சிப்பி ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். வெளிப்புறம் சொரசொரப்பாக, பழுப்பாக இருக்கும். விளிம்பை உடைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் நெட்டுக்குத்தாக நிற்கும் தூண்கள் தெரியும். அவை கால்சைட். ஓட்டைத் திருப்பினால் உட்புறம் வானவில் நிறத்தில் மினுங்கும். அங்கே இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகள், ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குள் இரண்டாயிரம் அளவில் அடங்கும். அவை அரகோனைட். முத்தும் அரகோனைட்தான், சங்கும் அரகோனைட்தான், பவளத்தின் எலும்புக்கூடும் அரகோனைட்தான். இரண்டுக்கும் வேதிப்பெயர் ஒன்றே, கால்சியம் கார்பனேட். அணுக்கள் அடுக்கப்பட்ட முறையில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் சிறியதல்ல. அரகோனைட் கடல்நீரில் கால்சைட்டைப்போல ஒன்றரை மடங்கு கரையக்கூடியது. கார்பனேட் குறையத் தொடங்கினால் முதலில் அடிவாங்குவது அதுதான்.

எந்தக் கனிமம் படியும் என்பதில் மக்னீசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வளரும் கால்சைட் படிகத்தின் படிக்கட்டில் மக்னீசியம் அயனி வந்து ஒட்டும். தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை அது எளிதில் விடாது. வளர்ச்சி தடைப்படும், மக்னீசியம் புகுந்த கால்சைட்டின் கரைதிறனும் கூடிவிடும். அரகோனைட்டின் கட்டமைப்பிலோ சிறிய மக்னீசியம் அயனிக்கு இடமே இல்லை, ஆகவே அதன் வளர்ச்சிக்குத் தடையும் இல்லை. மக்னீசியம்-கால்சியம் விகிதம் இரண்டுக்கு மேல் இருந்தால் உயிரின் உதவியின்றித் தானே படியும் சுண்ணாம்பு பெரும்பாலும் அரகோனைட்டாகவும் மக்னீசியம் மிகுந்த கால்சைட்டாகவும் இருக்கும். இரண்டுக்குக் கீழே போனால் மக்னீசியம் குறைந்த கால்சைட் மேலோங்கும். இந்தக் கோடு கத்தி வெட்டியதுபோல் துல்லியமானதல்ல. நீர் சூடாக இருந்தால் குறைந்த விகிதத்திலும் அரகோனைட் படிகிறது என்று பால்தசாரும் கசாக்கும் 2015இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். போக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது.

இந்தப் போக்கை முதலில் பாறையில் கண்டவர் பிலிப் சாண்ட்பெர்க். இன்று பஹாமாஸ் திட்டுகளின் ஆழமற்ற நீரில் அலை உருட்ட உருட்ட, ஊயிட் எனும் சிறு சுண்ண மணிகள் உருவாகின்றன. அவை அரகோனைட். பழைய பாறைகளிலும் ஊயிட்டுகள் ஏராளம். சில காலத்துப் பாறைகளில் அவற்றை மெல்லிய சீவலாகச் சீவிப் பார்த்தால், மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் நுண்கதிர்கள் சேதமில்லாமல் இருக்கின்றன. பிறந்தபோதே கால்சைட்டாகப் பிறந்தவை அவை. வேறு சில காலத்துப் பாறைகளில் உள்ளமைப்பு அழிந்து பெரிய படிகங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அரகோனைட்டாகப் பிறந்து பின்னால் உருமாறியவை அவை. காலவாரியாக இவற்றை அடுக்கிய சாண்ட்பெர்க், கால்சைட் கடலும் அரகோனைட் கடலும் மாறி மாறி வந்திருப்பதை 1983இல் அறிவித்தார். இன்றைய கடல் அரகோனைட் கடல். கிரெட்டேசியஸ் கடல் கால்சைட் கடல்.

நான் மறுக்கும் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் காற்றிலுள்ள கரியமில வாயுவின் ஏற்ற இறக்கம் என்று சாண்ட்பெர்க் அன்று கருதினார். வாயு கூடிய காலமும் கால்சைட் படிந்த காலமும் பெரும்பாலும் பொருந்தியதால் அது இயல்பான யூகம். ஆனால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. 1996இல் லாரன்ஸ் ஹார்டி வேறு விளக்கம் கொடுத்தார். பெருங்கடல்களின் நடுவே ஓடும் எரிமலை முகடுகளில் கடல்நீர் சூடான பசால்ட் பாறைக்குள் இறங்குகிறது. பாறை மக்னீசியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்து அனுப்புகிறது. முகடுகள் மும்முரமாக இயங்கும் காலத்தில் கடலில் மக்னீசியம் குறையும், கால்சியம் கூடும், கால்சைட் கடல் உருவாகும். முகடுகள் தணிந்த காலத்தில் அரகோனைட் கடல். இதே ஊசலாட்டம் அந்தந்தக் காலத்து உப்புப் படிவுகளின் வகையிலும் இருக்க வேண்டும் என்றார் ஹார்டி, இருந்தது. முகடுகளின் வேகம் எந்தக் காலத்தில் எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. விகிதம் மாறியது மட்டும் உப்புத் துளிகளில் அளந்த செய்தி.

ஹார்டியின் விளக்கத்தை ஏற்றால் ஒன்று பளிச்சென்று தெரியும். கடலடி எரிமலைகள் மும்முரமாக இருந்தால் கரியமில வாயுவும் அதிகம் வெளிவரும், கால்சியமும் அதிகம் வெளிவரும். அன்று இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்தன. கிரெட்டேசியஸ் காலத்தில் வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்தே பெருகியதைக் காட்டி, வாயுதான் சுண்ணாம்பைப் பெருக்கியது என்பது, ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவரை மற்றவருக்குத் தாயாக்குவது. இன்று நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்து வருவது வாயு மட்டும். அதனோடு கால்சியம் வரவில்லை.

சிமென்டை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தலைகீழ். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எரிபொருள் கணக்கு தனி. மிஞ்சும் 56 கிலோ சுண்ணாம்பு சிமென்டாகிக் கட்டடத்துக்குப் போகிறது. கல்லங்குறிச்சிக் கடல் ஏழு கோடி ஆண்டுக்கு முன் கால்சியத்தையும் கார்பனையும் சேர்த்தே பூட்டிவைத்தது. அந்தப் பூட்டைத் திறக்கும் நாம் கார்பனை வானத்துக்கும் கால்சியத்தைச் சுவருக்கும் பிரித்து அனுப்புகிறோம். கான்கிரீட் வருடக்கணக்கில் கொஞ்சம் வாயுவைத் திரும்ப உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7, 8 விழுக்காடு சிமென்டைச் சார்ந்தது என்ற கணக்கு அதனால் பெரிதாக மாறிவிடாது. அரியலூரை ஆறுதலுக்கு அழைப்பவர்கள் அரியலூரிலேயே நடப்பதைப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கால்சியம் இந்த மறுப்பின் ஒரு பாதி. மற்றப் பாதி வேகம், அதுதான் இன்னும் வலுவானது.

ஆறுகள் பாறைகளைக் கரைத்துக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கடலுக்குக் கொண்டுவருகின்றன. கடலோ சிப்பியாகவும் பவளமாகவும் நுண்ணுயிர் ஓடாகவும் அதைச் சேற்றில் புதைக்கிறது. வரவைவிடச் செலவு குறைந்தால் நீரில் கார்பனேட் சேரும். தெவிட்டுநிலை உயரும், ஓடு கட்டுவது எளிதாகும், செலவு கூடிக் கணக்கு நேராகும். வாயு மெதுவாகக் கூடினால் கடல் இந்த வழியில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கடலடிச் சேற்றின் சுண்ணாம்பு கரைந்து அமிலத்தைத் தணிக்கப் பத்தாயிரம் ஆண்டு அளவு பிடிக்கும். மலைப்பாறைகள் மழையில் கரைந்து வாயுவையே குறைக்கப் பல லட்சம் ஆண்டு பிடிக்கும். கிரெட்டேசியஸ் வாயு லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அங்கே பிஎச் தாழ்ந்திருந்தும் தெவிட்டுநிலை தாழவில்லை. நாமோ காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு என்றிருந்த வாயுவை இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் 420க்கு மேல் ஏற்றிவிட்டோம். பிஎச்சும் தெவிட்டுநிலையும் சேர்ந்தே இறங்குகின்றன. வாயுவின் அளவை மட்டும் வைத்து இரண்டு காலங்களை ஒப்பிடுவது செல்லாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

வேகமாக வாயு பாய்ந்த காலம் பாறையில் பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருக்கிறது. அதை யாரும் நம்மைப் போய்ப் பார்க்கச் சொல்வதில்லை. 5.6 கோடி ஆண்டுக்கு முன், பேலியோசீன் காலம் முடிந்து இயோசீன் தொடங்கும் வேளையில், பெருமளவு கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்தது. உலகம் 5 டிகிரிக்கு மேல் சூடானது. தெற்கு அட்லாண்டிக்கில் வால்விஸ் முகட்டில் 2003இல் துளையிட்டு எடுத்த சேற்றுக் கருக்கள் அந்த நிகழ்வைக் கண்ணுக்கு முன் நிறுத்துகின்றன. கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தால், நுண்ணுயிர் ஓடுகளால் ஆன வெளிர்ந்த சுண்ணச் சேறு. திடீரென்று ஒரு கோடு. அதற்கு மேல் செம்பழுப்புக் களிமண், சுண்ணாம்பு அறவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல வெளிர்நிறம் திரும்புகிறது. அந்தக் கோட்டில் கடலடியின் சுண்ணாம்பு கரைந்தே போயிற்று. சுண்ணாம்பு தங்காத ஆழ எல்லை அந்தப் பகுதியில் 2 கிலோமீட்டருக்கு மேல் மேலேறியதாக ஜேம்ஸ் சாக்கோஸ் குழுவினர் 2005இல் எழுதினார்கள். ஆழ்கடல் தரையில் வாழ்ந்த நுண்ணுயிர்களான ஃபொராமினிஃபெராவில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட இனங்கள் அற்றுப்போயின.

இதில் ஒரு விவரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கடலும் கால்சைட் கடல்தான். கால்சியம் அதில் இன்றைவிடக் கூடுதல். அந்தக் கவசம் இருந்தும் அது தாங்கவில்லை. அன்று கார்பன் கலந்த வேகம் ஆண்டுக்கு 110 கோடி டன்னுக்கு மேற்படவில்லை என்று ரிச்சர்ட் ஸீப் குழுவினர் 2016இல் கணக்கிட்டார்கள். இன்று நாம் ஆண்டுக்குக் கலப்பது ஏறத்தாழ 1,000 கோடி டன் கார்பன். கவசம் குறைந்த கடலில், அன்றைப்போல ஒன்பது பத்து மடங்கு வேகம். கடந்த 30 கோடி ஆண்டுப் பதிவை அலசிய பெர்பெல் ஹோனிஷ் குழுவினரின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இன்றைக்கு ஈடான நிகழ்வு எதுவும் அகப்படவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வேறு வாசலைத் திறக்கும். "உயிர்கள் சூழலுக்கேற்பக் கனிமத்தை மாற்றிக்கொள்ளும். அரகோனைட் ஆகாவிட்டால் பவளம் கால்சைட்டில் கட்டும்" என்பார்கள். இதற்கும் ஆய்வு ஆதாரம் இருக்கிறது, ஆதாரத்தை முழுதாகப் படித்தால் அது அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. ஜஸ்டின் ரீஸ், ஸ்டீவன் ஸ்டான்லி, ஹார்டி மூவரும் கிரெட்டேசியஸ் காலத்து மக்னீசியம்-கால்சியம் விகிதத்தில் கடல்நீரைச் செயற்கையாகத் தயாரித்து அதில் இன்றைய பவளங்களை வளர்த்தார்கள். 2006இல் வந்த முடிவுப்படி பவளம் தன் எலும்புக்கூட்டில் ஒரு பகுதியைக் கால்சைட்டாகக் கட்டியது உண்மைதான். கூடவே அதன் வளர்ச்சி குன்றியதும் உண்மை. மன்னார் வளைகுடாவிலும் உள்ள அக்ரோபோரா, மான்டிபோரா, போரைட்டிஸ் பேரினங்களைச் சேர்ந்த பவளங்கள்தான் அவை. கால்சைட்டுக்கு மாறும்படி பவளத்தைத் தூண்டியது மக்னீசியம்-கால்சியம் விகிதம். புகைபோக்கி வாயு அந்த விகிதத்தை மாற்றாது. கடலில் கால்சியம் தங்கும் காலம் பத்து லட்சம் ஆண்டு அளவு, மக்னீசியம் தங்குவது அதைவிடப் பல மடங்கு. ஆகவே கார்பனேட் குறைந்துகொண்டே போகும் கடலில், மக்னீசியமும் ஐந்து மடங்கு இருக்க, அரகோனைட்டிலேயே கட்டியாக வேண்டிய நிலையில் இன்றைய பவளம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆதாரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ரீஸும் வேறு இருவரும் 18 வகை உயிர்களைக் கூடுதல் வாயு ஏற்றிய நீரில் 60 நாள் வளர்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நண்டு, சிங்கி இறால், இறால் மூன்றும் வழக்கத்தைவிட அதிகமாகவே ஓடு கட்டின. எல்லா உயிரும் ஒன்றுபோல் நொடிந்துவிடும் என்று பேசுபவர்களை இந்த ஆய்வு சரியாகவே திருத்துகிறது. ஓடு உருவாகும் இடத்தில் உள்நீரின் பிஎச்சைத் தாமே உயர்த்திக்கொள்ளும் ஆற்றல் சில உயிர்களுக்கு இருக்கிறது. அந்த ஆற்றலுக்கு உணவு வேண்டும், அந்தச் செலவு வளர்ச்சியிலோ இனப்பெருக்கத்திலோ கழியும். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட உயிர்களுக்கு ஓடு கட்டும் வேகம் குறைந்தது என்பதும் சேர்ந்தே பேசப்பட வேண்டும்.

"சிப்பி கால்சைட்டில் கட்டுவது, அதற்குப் பயமில்லை" என்ற பேச்சுக்கு அமெரிக்காவின் ஒரிகன் கரை பதில் சொன்னது. 2007, 2008 ஆண்டுகளில் அங்கே குஞ்சுப் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோய் என்றே முதலில் நினைத்தார்கள். பிறகுதான் ஆழத்திலிருந்து எழும் குளிர்ந்த, வாயு மிகுந்த நீர் உள்ளே வரும் நாள்களோடு சாவு பொருந்துவது தெரிந்தது. வளர்ந்த சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட். பிறந்து ஓரிரு நாளில் குஞ்சு கட்டும் முதல் ஓடு அரகோனைட். அந்த ஒரு கட்டத்தைத் தாண்டாவிட்டால் பின்னால் எவ்வளவு உறுதியான கனிமம் காத்திருந்தும் பயனில்லை. தொட்டிக்கு வரும் நீரில் சோடியம் கார்பனேட் கலந்து அவர்கள் சமாளித்தார்கள். கடலுக்கு அப்படிக் கலக்க முடியாது.

ஆய்வகத்தை விட்டு இயற்கைப் பவளத்திட்டிலும் இது பார்க்கப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ரெபெக்கா ஆல்பிரைட் குழுவினர் திட்டின்மேல் ஓடும் நீரில் காரம் கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு அதைக் கொண்டுபோனார்கள். பவளத்திட்டு சுண்ணாம்பு கட்டும் வேகம் சுமார் 7 விழுக்காடு கூடியது (2016). பிறகு அதே இடத்தில் வாயுவைக் கூட்டிப் பார்த்தார்கள், வேகம் 34 விழுக்காடு சரிந்தது (2018). ஆபத்து எதிர்காலத்துக்கு உரியது என்பவர்கள் முதல் எண்ணைக் கவனிக்க வேண்டும். அது ஏற்கெனவே இழந்துவிட்டதன் அளவு.

மறுபடி அரியலூருக்கு வருகிறேன், அங்குள்ள பாறையையே சாட்சிக்கு இழுப்பதால். காரைப் பக்கத்துக் களிமண் வெளியில் மழை பெய்து ஓய்ந்தபின் நடந்தால் துப்பாக்கித் தோட்டா வடிவில், தேன்நிறத்தில், முனை மழுங்காத கற்கள் கிடைக்கும். பெலம்னைட் எனும், கணவாய்க்கு உறவான உயிரின் உள்ளோடு அது. கால்சைட் என்பதால் சிதையாமல் இருக்கிறது. அருகிலேயே சுருள்சுருளான அம்மோனைட்டும் கிடைக்கும். அதன் ஓடு அரகோனைட். பெரும்பாலும் ஓடு கரைந்து போய், உள்ளே நிரம்பிய சேறு இறுகிய அச்சுதான் மிஞ்சியிருக்கும். பாறைப் பதிவு நடுநிலையான சாட்சி அல்ல, கால்சைட்டைப் பாதுகாத்து அரகோனைட்டை அழித்துவிடும். அங்கே நாம் காணும் சுண்ணாம்பைக் கொண்டு 'எல்லாம் தாங்கின' என்பவர் எஞ்சியதை மட்டும் எண்ணுகிறார். கல்லக்குடியில் பவளம் இருந்ததே என்றால், இருந்தது. கால்சியம் மிகுந்த, மெதுவாக மாறிய கடலில் இருந்தது. அந்தக் காலத்தின் பிற்பகுதியில் வெப்பமண்டல ஆழமற்ற கடல்கள் பலவற்றில் முன்னிலைக்கு வந்தவை ருடிஸ்ட் எனும் இருவோட்டு உயிர்கள். அவற்றின் தடித்த வெளியோடு கால்சைட்.

ஒரு எச்சரிக்கையை என் தரப்பினருக்கும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளம் வெளுத்தது வெப்பத்தால். அதை அமிலமாதலின் கணக்கில் எழுதுவது தவறு, எழுதினால் மறுதரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடும். முன்பு சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் வேறு கணக்கு. ஏற்கெனவே வெட்டுப்பட்டு, வெந்து கிடக்கும் திட்டு மீண்டும் எழ வேண்டுமானால் அரகோனைட் வேகமாகப் படிய வேண்டும். அந்த வேகத்தைத்தான் கார்பனேட் இழப்பு குறைக்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்தின் பரப்பை அளப்பதோடு, நீரின் பிஎச்சும் காரத்தன்மையும் ஆண்டு முழுதும் இடைவிடாமல் அளக்கப்பட வேண்டும்.

"எப்படியும் கடல் தானே மீண்டுவிடும்" என்பது கடைசியாக வரும் பதில். மீளும், அதில் சந்தேகமில்லை. மழை பாறையைக் கரைக்கும், ஆறுகள் பைகார்பனேட்டைக் கொண்டுசேர்க்கும், தெவிட்டுநிலை உயரும். இதே வழியில்தான் வால்விஸ் முகட்டிலும் செம்பழுப்புக் களிமண்ணுக்கு மேல் சுண்ணாம்பு திரும்பியது. அதற்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. 25.2 கோடி ஆண்டுக்கு முன் பெர்மியன் முடிவில் அழிந்த பவளத்திட்டுகளின் இடத்தில் இன்றைய பவளங்களின் மூதாதையர் தலைகாட்டப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆயின. இந்த மீட்சியை விரைவுபடுத்தச் சுண்ணாம்பைச் சுட்டுக் கடலில் கொட்டலாம் என்ற யோசனையும் ஆய்வுக் கூட்டங்களில் உலவுகிறது. சூளையில் எழும் 44 கிலோவைப் பிடித்துப் பூட்டிவைக்காவிட்டால், கடல் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வாயுவில் பாதிக்கு மேல் அந்தச் சூளையே வெளியிட்டிருக்கும்.